பதினேழு ஃபாலோ ரிக்வெஸ்டும் ஒரு பச்சை வட்டமும்

கேள்வி: நான் தென்காசி மாவட்டத்தில் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. வயது 26. வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. பிளஸ் 1, பிளஸ் 2 வகுப்புகள் எடுக்கிறேன். என் இன்ஸ்டாகிராமில் மாணவர்களின் ஃபாலோ ரிக்வெஸ்ட் 17 நிற்கிறது. அக்செப்ட் பண்ணினால் தலைமையாசிரியர் திட்டுவார், பண்ணாவிட்டால் 'டீச்சர் ஓவரா சீன் போடுறாங்க' என்று பிள்ளைகள் பேசுகிறார்கள். எங்கள் பள்ளியிலேயே ஒரு சார் எல்லாப் பிள்ளைகளையும் ஃபாலோ பண்ணுகிறார், ரீல்ஸ் போடுகிறார், அவர்தான் பள்ளியிலேயே பாப்புலர். பாடத்தில் சந்தேகம் கேட்கட்டும் என்று என் வாட்ஸ்அப் நம்பரைக் கொடுத்திருந்தேன். பிளஸ் 2 பையன் ஒருவன் ராத்திரி 11.40க்கு 'டீச்சர் தூங்கிட்டீங்களா' என்று அனுப்பினான். நான் பதில் போடவில்லை, மறுநாள் அவன் முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. ஆசிரியரும் மாணவரும் சமூக வலைத்தளத்தில் தொடர்பில் இருப்பது சரியா, தப்பா? ஆவணியில் எனக்குக் கல்யாணம் வேறு, படம் போட்டால் இவர்கள் எல்லாரும் வந்து நிற்பார்களே என்றும் யோசனையாக இருக்கிறது. (பிளஸ் 1 பெண் ஒருத்தியை மட்டும் அக்செப்ட் பண்ணி, நானும் அவளை ஃபாலோ பண்ணுகிறேன். மூன்று வாரம் முன்பு அவள் தன் க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் ஸ்டோரியில் கையைப் படம் எடுத்து 'இன்னிக்கும் அடி, பழகிடுச்சு' என்று போட்டிருந்தாள். என்னம்மா ஆச்சு என்று கேட்டேன். 'ஒண்ணுமில்ல டீச்சர், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க' என்றாள். சொல்ல மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.)

பதில்:

அன்புள்ள டீச்சருக்கு,

கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டீர்கள் பாருங்கள், அதைத்தான் முதலில் எடுக்கப்போகிறேன். ஃபாலோ ரிக்வெஸ்ட் பதினேழும் இன்னும் ஒரு மாதம் அப்படியே கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. இந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே மூன்று வாரம் போய்விட்டது.

இன்ஸ்டாவில் சாதாரண ஸ்டோரி வேறு, க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் ஸ்டோரி வேறு என்பது உங்களுக்குத் தெரியும். க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ் ஸ்டோரியைச் சுற்றிப் பச்சை வட்டம் தெரியும், போடுகிறவர் தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும்தான் அதைப் பார்க்க முடியும். அந்தப் பச்சை வட்டத்துக்குள் யார் யார் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு பெயராகத் தேடித் தேர்ந்தெடுத்துப் போட வேண்டும். அவள் உங்கள் பெயரைத் தேடிப் போட்டிருக்கிறாள், அதற்கப்புறம் அந்தப் படத்தைப் போட்டிருக்கிறாள். தற்செயலாக உங்கள் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைக்காதீர்கள். நேரில் வாய் திறந்து சொல்ல முடியாத ஒன்றை, நீங்கள் பார்ப்பீர்கள் என்று தெரிந்தே, கதவைப் பாதி திறந்து காட்டியிருக்கிறாள். நீங்கள் கேட்டதும் பயந்து மூடிவிட்டாள். இந்த வயதுப் பிள்ளைகள் இப்படித்தான் சொல்வார்கள், முதல் தடவையிலேயே முழுசாகச் சொன்ன பிள்ளையை நான் அதிகம் பார்த்ததில்லை.

நீங்கள் செய்த தப்பு ஒன்றுதான், சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தது. ராத்திரி நேரம், தனியாக இருக்கிறீர்கள், கையில் போன், எதிரே கெஞ்சுகிற பிள்ளை. யாராக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள், நானும் வேலைக்கு வந்த புதிதில் சொல்லியிருக்கிறேன். ஆனால் அதை இப்போது திரும்ப எடுக்க வேண்டும், அதுவும் நேரில். நாளைக்கே ஆய்வகத்தில் செய்முறை முடிந்து பிள்ளைகள் கலைகிற நேரத்தில், கதவு திறந்திருக்க, வேறு யாராவது கண்ணில் படுகிற தூரத்தில் ஆனால் காதில் விழாத தூரத்தில் அவளை நிறுத்தி, இந்த மாதிரி சொல்லுங்கள்: "அன்னைக்கு யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு சொல்லிட்டேன்மா, அது தப்பு. உனக்கு அடி விழுதுன்னு தெரிஞ்ச பிறகு நான் சும்மா இருக்க முடியாது. ஆனா யார்கிட்ட சொல்றேன், எப்ப சொல்றேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் செய்வேன்." அவ்வளவுதான். கையைக் காட்டு என்று கேட்காதீர்கள், ஏன் அடித்தார்கள், நீ என்ன செய்தாய் என்று துருவாதீர்கள். அவள் சொல்வதைக் கேட்டு, அவள் சொன்ன வார்த்தையிலேயே, தேதி நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் இரண்டு விஷயம் செய்யக் கூடாது. அந்த ஸ்டோரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து ஸ்டாஃப் குரூப்பில் போடக் கூடாது (நல்ல எண்ணத்தோடு இதைச் செய்து ஒரு பிள்ளையின் வீட்டு விஷயத்தை மாலைக்குள் ஊர் முழுக்கப் பரப்பிய ஆசிரியர்களைப் பார்த்திருக்கிறேன்). வீட்டுக்குப் போன் போட்டு "உங்க பொண்ணு இப்படிப் போட்டிருக்கா" என்று சொல்லவும் கூடாது, ஏனென்றால் எடுத்துப் பேசுகிறவர்தான் அடிக்கிறவரா என்று உங்களுக்குத் தெரியாது. தலைமையாசிரியரிடம் வாய்மொழியாகச் சொல்லுங்கள், 1098க்குக் கூப்பிடுங்கள். 24 மணி நேரமும் எடுப்பார்கள், உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வந்து பார்ப்பார்கள். தன் பொறுப்பில் இருக்கிற பிள்ளையை அடித்துத் துன்புறுத்துவது 2015-ம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75-வது பிரிவில் குற்றம், அது 'வீட்டு விவகாரம்' கிடையாது. ஒருவேளை அவள் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்கிறாள் என்று தெரிந்தால் 14416, அது மனநல உதவி எண். அதற்கு அடுத்த எண்ணான 14417 பள்ளிக் கல்வித் துறையுடையது, பல பேர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள், போனில் பெயர் போட்டே சேமித்து வையுங்கள்.

பேச்சில் பாலியல் தொல்லை என்று ஏதாவது வந்தால் கதையே வேறு. 2012-ம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-வது பிரிவுப்படி, அது தெரிந்த யாராக இருந்தாலும் காவல் துறைக்கோ சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ சொல்லியாக வேண்டும். சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை என்கிறது 21-வது பிரிவு, நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர் தன் கீழ் வேலை செய்பவரைப் பற்றித் தெரிந்தும் மறைத்தால் ஒரு வருடம் வரை. "ஹெச்.எம். கிட்ட சொல்லிட்டேன், அவங்க பாத்துக்குவாங்க" என்பதோடு உங்கள் பொறுப்பு தீர்ந்துவிடாது. நல்லெண்ணத்தோடு தகவல் சொன்னவர் மீது வழக்கு வராது என்பதும் அதே 19-வது பிரிவில்தான் இருக்கிறது.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். இன்ஸ்டா, ஃபேஸ்புக் மாதிரி உங்கள் சொந்தக் கணக்குகளில் படிக்கிற பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். ஒருவரையும் சேர்க்காதீர்கள். நான் இப்படிச் சொல்வதற்குச் சமூக வலைத்தளம் கெட்ட இடம் என்பது காரணம் இல்லை. பிரச்சினை அங்கே இருக்கிற தனி அறை. வகுப்பில் ஐம்பது பேர் முன்னால் நீங்கள் ஒரு பிள்ளையிடம் எதைப் பேசினாலும் அதற்கு ஐம்பது சாட்சி. வராந்தாவில் பேசினால் போகிற வருகிறவர்கள் பார்க்கிறார்கள். மெசேஜ் பெட்டிக்குள் நீங்கள் இரண்டு பேர் மட்டும், நேரம் இரவு, இரண்டு பேரும் படுக்கையில் சாய்ந்துகொண்டு டைப் பண்ணுகிறீர்கள். பேச்சின் தொனி தானாகவே மாறும். பகலில் "வணக்கம் டீச்சர்" என்று எழுந்து நிற்கிற பிள்ளை அங்கே "ஹாய்" என்று ஆரம்பிக்கும், நீங்களும் பகலில் போடாத ஸ்மைலியைப் போடுவீர்கள். இதில் யார் மனதிலும் விகல்பம் இருக்க வேண்டியதில்லை, அந்த இடம் அப்படி.

இந்தக் கம்பெனிகளுக்கே இது தெரியும். இன்ஸ்டாகிராம் 2025 பிப்ரவரியில் இந்தியாவில் கொண்டுவந்த டீன் கணக்கில், பதின்ம வயதுப் பிள்ளையின் கணக்கு தானாகவே பிரைவேட்டாக இருக்கும், அந்தப் பிள்ளை ஃபாலோ பண்ணுகிறவர்கள் அல்லது ஏற்கெனவே தொடர்பில் இருக்கிறவர்கள் மட்டும்தான் மெசேஜ் அனுப்ப முடியும். முன்பின் தெரியாத பெரியவர்கள் பிள்ளைகளை நெருங்கக் கூடாது என்று போட்ட வேலி அது. பிள்ளை உங்களை ஃபாலோ பண்ணிய நிமிடம் உங்களுக்கு அந்த வேலி இல்லை. பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டு இரண்டாவது ஐடி வைத்திருக்கிற பிள்ளைகளுக்கு அந்த வேலி முதலிலிருந்தே இல்லை, அது தனிக் கதை.

நீங்கள் கேட்கலாம், நான் அவளை அக்செப்ட் பண்ணியிருந்ததால்தானே அந்தப் படத்தையே பார்த்தேன் என்று. நியாயமான கேள்வி, எனக்கே இதில் முழு நிம்மதி கிடையாது. பள்ளிகளில் வைத்திருக்கிற 'மாணவர் மனசு' பெட்டியில் துண்டுச் சீட்டு எழுதிப் போடாத பிள்ளை உங்கள் பச்சை வட்டத்தில் போட்டாளே, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், அவள் உங்களைத் தேர்ந்தெடுத்தது இன்ஸ்டாவில் பழகியா? வகுப்பில் உங்களைப் பார்த்துப் பார்த்து, இவரிடம் சொல்லலாம் என்று மனதுக்குள் முடிவு பண்ணித்தான். அந்த நம்பிக்கைக்குப் பகலில் ஓர் இடம் கொடுங்கள். "வியாழக்கிழமை மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் லேப்லதான் இருப்பேன், யாருக்கு என்ன பேசணும்னாலும் வாங்க" என்று வாரா வாரம் சொல்லுங்கள். முதல் மாதம் யாரும் வர மாட்டார்கள், அப்புறம் இரண்டு பேராகச் சேர்ந்து ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வருவார்கள், ஒருத்தி பேசுவாள், மற்றவள் பேசாமல் நிற்பாள். அந்தப் பேசாதவளுக்காகத்தான் வந்திருப்பார்கள்.

ஒருத்தியை மட்டும் அக்செப்ட் பண்ணியதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. மற்ற பதினேழு பேருக்கும் அது அன்று மாலையே தெரிந்திருக்கும். அந்தப் பெண்ணை வகுப்பில் 'டீச்சரோட செல்லம்' என்று ஓட்டத் தொடங்கியிருப்பார்கள், மார்க் கொஞ்சம் கூட வந்தால் அதற்கும் இதையே காரணம் சொல்வார்கள். இன்ஸ்டா இல்லாத பிள்ளைகளை எண்ணிப் பாருங்கள், போனே இல்லாத பிள்ளைகளும் உங்கள் வகுப்பில் இருப்பார்கள். அதற்காக இப்போது பட்டென்று அவளை அன்ஃபாலோ பண்ணிவிடாதீர்கள். தன் காயத்தைக் காட்டியதால்தான் டீச்சர் தன்னை வெட்டிவிட்டார் என்றுதான் அவள் எடுத்துக்கொள்வாள். நேரில் பேசி, அவள் விஷயம் ஒரு வழிக்கு வந்த பிறகு, "எல்லா பசங்களுக்கும் ஒரே மாதிரி வச்சுக்கப்போறேன்மா, உன்னையும் எடுத்துடுவேன், லேப்ல எப்ப வேணா வா" என்று சொல்லிவிட்டு எடுங்கள்.

வாட்ஸ்அப் வேறு விஷயம், அதை முழுசாக விட முடியாது. வீட்டுப்பாடம், தேர்வு அட்டவணை, உதவித்தொகைப் படிவம், மழை விடுமுறை என்று எல்லாமே இப்போது அதில்தான் ஓடுகிறது. ஆனால் அந்த நம்பர் யாருடையது என்று கவனித்தீர்களா? பள்ளிப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் அப்பாவின் நம்பர் அல்லது அம்மாவின் நம்பர். பிள்ளைக்கு என்று நினைத்து நீங்கள் எழுதுவதை முதலில் படிப்பது வேறு ஒருவர்.

சில வருடம் முன்பு ஒரு பள்ளியில், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒன்பது நாளாக வரவில்லை என்று என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறவர். அம்மா எவர்சில்வர் டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார். அப்பா வேறு ஒன்றும் பேசாமல் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து என் மடியில் வைத்து, "நீங்களே படிங்க மேடம்" என்றார். பேச்சுப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் பண்ணிய ஓர் ஆசிரியர் இரவு ஒன்பதரைக்கு அனுப்பியிருக்கிறார்: "நாளைக்கு மறக்காம வந்துடும்மா. உனக்காக வெயிட் பண்ணுவேன்." அவ்வளவுதான் மெசேஜ். அந்த ஆசிரியரை எனக்குத் தெரியும், தங்கமானவர், நான்கு பிள்ளைகளை வெளியூர் அழைத்துப் போக பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பதைத்தான் சொல்லியிருக்கிறார். நான் ஒரு முறை படித்தபோது அதில் எதுவுமே இல்லை. நாள் முழுக்க வண்டி ஓட்டிவிட்டு வந்து பெண்ணுக்கு வந்த மெசேஜைத் திறந்த அப்பாவின் கண்ணால் இன்னொரு முறை படித்தேன், காபி உள்ளே இறங்கவில்லை. அதையே குரூப்பில் "பேச்சுப் போட்டிக்கு வரும் நான்கு பேரும் காலை 8.30க்கு பஸ் ஸ்டாண்டில் இருக்கவும்" என்று போட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒன்பது நாள் பள்ளி போயிருக்காது. போட்டி போனது போனதுதான்.

அதனால் உங்கள் வாட்ஸ்அப்பை இப்படி மாற்றிக்கொள்ளுங்கள். தனியாக ஒரு சிம் வாங்குங்கள், ஆண்ட்ராய்டு போனில் ஒரே வாட்ஸ்அப்பில் இரண்டு நம்பர் வைத்துக்கொள்ளலாம், 2023-லிருந்தே அந்த வசதி இருக்கிறது. பள்ளி நம்பரில் உங்கள் சொந்தப் படமோ ஸ்டேட்டஸோ வேண்டாம். இப்போது நீங்கள் பெற்றோர் நம்பரையெல்லாம் போனில் சேமித்திருப்பீர்கள், அவர்களும் உங்கள் நம்பரைச் சேமித்திருப்பார்கள், ஸ்டேட்டஸை 'மை கான்டாக்ட்ஸ்' என்று விட்டிருந்தால் நீங்கள் தோழிகளுக்காகப் போடுகிறது எல்லாம் பிளஸ் 1 'பி' பிரிவின் அப்பாக்கள் வரைக்கும் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு தடவை ஸ்டேட்டஸ் பார்த்தவர்கள் பட்டியலைத் திறந்து பாருங்கள், தூக்கிவாரிப் போடும்.

வகுப்புக் குரூப்பில் சாதாரணமாக எல்லார் நம்பரும் எல்லாருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளுடைய நம்பரை எடுத்துத் தொந்தரவு பண்ணுகிற கதைகள் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. அதற்குப் பதில் கம்யூனிட்டி அறிவிப்புக் குரூப் வைத்தால் நம்பர்கள் அட்மின்களுக்கு மட்டும்தான் தெரியும். இன்னொரு ஆசிரியரையும் அட்மினாகப் போடுங்கள், தலைமையாசிரியரே இருந்தால் இன்னும் நல்லது. சந்தேகம் கேட்க மாலை ஆறிலிருந்து எட்டு என்று நேரம் வையுங்கள். மோல் கணக்கில் ஒருவன் கேட்கிற சந்தேகம் இன்னும் இருபது பேருக்கு இருக்கும், அவன் பெயரைப் போடாமல் விடையைக் குரூப்பிலேயே போட்டுவிடுங்கள். தனியாக வந்த கேள்விக்கும் பதில் பொதுவில்தான் வரும் என்று தெரிந்துவிட்டால் பாதி மெசேஜ் தானே நின்றுவிடும்.

அந்த 11.40 பையனுக்கு வருகிறேன். ராத்திரி பதில் போடாதது சரி, மறுநாள் ஒன்றும் சொல்லாமல் விட்டதுதான் சரியில்லை. 'தூங்கிட்டீங்களா' என்பதற்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். நாலு பேர் கூடி உட்கார்ந்து "டேய் தைரியம் இருந்தா அனுப்புடா" என்று உசுப்பிவிட்டிருக்கலாம். உங்கள் மேல் ஓர் ஈர்ப்பு இருக்கலாம், பதினேழு வயதில் டீச்சர் மேல் ஈர்ப்பு வருவது ஒரு குற்றமும் இல்லை, எத்தனையோ பேர் அதைக் கடந்துதான் வந்திருக்கிறோம். மறுநாள் செய்முறைத் தேர்வு பயமாகவும் இருக்கலாம், வீட்டில் ஏதோ நடந்து தூக்கம் வராமல் யாருக்காவது எழுத வேண்டும் போல இருந்திருக்கலாம். உங்களுக்கு எது என்று தெரியாது, கேட்டால்தான் தெரியும். வராந்தாவில் நிறுத்தி, சாதாரணக் குரலில், "உன் மெசேஜ் பார்த்தேன். என்ன விஷயம்?" என்று கேளுங்கள். தலையைச் சொறிந்துகொண்டு "சும்மா டீச்சர்" என்றால், "எட்டு மணிக்கு மேல அனுப்பாத, பாடம்னா குரூப்ல கேளு" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள். முகம் வாடி நின்றால் நகராதீர்கள். வகுப்பில் அந்த மெசேஜைப் படித்துக் காட்டிச் சிரிக்க வைப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள், அந்த மாதிரி ஒரு நாளை நாற்பது வயதிலும் மறக்காத ஆண்கள் என்னிடம் வந்து பேசியிருக்கிறார்கள். இப்படி ஒரு மெசேஜ் வந்தது, இப்படிச் சொன்னேன் என்று அன்றைக்கே சக ஆசிரியை ஒருவரிடம் சொல்லி வையுங்கள். உங்கள் பாதுகாப்புக்கு.

பாதுகாப்பு என்றதும், ஸ்டாஃப் ரூமில் "மெசேஜ் அனுப்பினாலே போக்சோ" என்று ஒரு பேச்சு ஓடுமே, அது அப்படியே சரியில்லை. அந்தச் சட்டத்தின் 11-வது பிரிவு மின்னணு வழியில் ஒரு பிள்ளையைத் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்வதைப் பாலியல் சீண்டலில் சேர்க்கிறது, ஆனால் அதற்குப் பாலியல் நோக்கம் இருக்க வேண்டும். 12-வது பிரிவில் தண்டனை மூன்று வருடம் வரை. வழக்கு என்று போய்விட்டால் அந்த நோக்கம் இருந்ததாகத்தான் சிறப்பு நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், இல்லை என்று காட்டுவது குற்றம் சாட்டப்பட்டவரின் வேலை, 30-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. பதினெட்டு வயது நிறையாத எல்லாரும் பிள்ளைகள்தான், ஆண் பெண் வித்தியாசம் இல்லை, ஆகவே "நான் பெண்தானே" என்று ஓர் ஆசிரியை அலட்சியமாக இருக்க முடியாது. 2021 மே மாதம் சென்னைப் பள்ளிகளிலிருந்து ஆன்லைன் வகுப்புகள் தொடர்பான புகார்கள் வரிசையாக வந்தபோது, ஆன்லைன் வகுப்புகளை முழுவதும் பதிவு செய்ய வேண்டும் என்று அரசு சொன்னது நினைவிருக்கும். மூடிய அறையாக இருக்கக் கூடாது என்பதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணமும்.

உங்கள் தலைமையாசிரியர் மாதிரி ஒரேயடியாகத் தடை என்பதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. அமெரிக்காவில் மிசூரி மாநிலம் 2011-ல் ஒரு சட்டம் போட்டது, மாணவர்களோடு, முன்னாள் மாணவர்களோடும்கூட, தனியாகப் பேச இடம் கொடுக்கிற வலைத்தளங்களை ஆசிரியர்கள் பயன்படுத்தக் கூடாது என்று. ஆசிரியர் சங்கம் வழக்குப் போட்டது, நீதிபதி தடை கொடுத்தார். அதை அப்படியே எடுத்துக்கொண்டால் ஓர் ஆசிரியை தன் சொந்தப் பிள்ளையோடுகூடப் பேச முடியாது என்கிற நிலை! சில மாதத்திலேயே அந்தப் பகுதியைத் திரும்பப் பெற்றார்கள். மறு வருடம் நியூயார்க் நகரக் கல்வித் துறை கொஞ்சம் நிதானமாக ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது: சொந்தக் கணக்கில் மாணவர்களைச் சேர்க்காதே, பாடத்துக்கென்று தனிக் கணக்கு வைத்துக்கொள். நான் உங்களுக்குச் சொல்வதும் ஏறக்குறைய அதுதான். தலைமையாசிரியரிடம் போய் "செய்யலாமா" என்று கேட்காமல், "இப்படிச் செய்யப்போகிறேன், நீங்களும் அட்மினாக இருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். சித்தி மகள் உங்கள் பள்ளியிலேயே படித்தால் அவள் உங்களை ஃபாலோ பண்ணட்டும், சொந்தம் சொந்தம்தான், அதையும் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும்.

அந்த ரீல்ஸ் சாரைப் பற்றி. அவர் பாப்புலராக இருப்பது உங்களைக் கொஞ்சம் உறுத்துகிறது என்று கடிதத்திலேயே தெரிகிறது, அது இயல்புதான். பாடத்தை யூடியூபில் எல்லாரும் பார்க்கும்படி போடுகிற ஆசிரியர்கள் தமிழ்நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை, நீங்களும் டைட்ரேஷன் வீடியோ போடலாம். ஆனால் பிள்ளைகளைச் சீருடையில் ஆட வைத்து ரீல்ஸ் போடுவது எனக்கு ஒப்பவில்லை. முகம் தெரிகிறது, சட்டையில் இருக்கிற பேட்ஜில் பள்ளியின் பெயர் தெரிகிறது, கீழே கமென்ட்டில் யார் யாரோ வந்து எழுதுகிறார்கள். பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கினாரா என்று யாரும் கேட்பதில்லை. பிள்ளைகள் யாராவது அவரைப் பற்றி உங்களிடம் சங்கடமாக ஏதாவது சொன்னால், இது நம் பொறாமையோ என்று உங்களை நீங்களே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்காராதீர்கள், உடனே மேலே சொல்லுங்கள். அப்படி எதுவும் இல்லாத வரைக்கும் அவர் பாட்டுக்கு அவர்.

படித்து முடித்துப் போன பிள்ளைகளைச் சேர்க்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்த ஏப்ரலில் கேட்பீர்கள். டி.சி. வாங்கியிருக்க வேண்டும், பதினெட்டு முடிந்திருக்க வேண்டும், ரிக்வெஸ்ட் அவர்கள் பக்கமிருந்து வர வேண்டும். தம்பி தங்கை இன்னும் உங்கள் வகுப்பில் இருந்தால் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்.

இப்போதைக்கு அந்தப் பதினேழு ரிக்வெஸ்டையும் டெலீட் கொடுங்கள், பிளாக் வேண்டாம். நாளை வகுப்பில் ஒரே ஒரு தடவை, சிரித்துக்கொண்டே, "ஸ்கூல் முடியுற வரைக்கும் யாரையும் சேர்க்க மாட்டேன், எல்லாருக்கும் அதேதான்" என்று சொல்லிவிடுங்கள். இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சீன் போடுறாங்க என்பார்கள். பேசட்டுமே.

கல்யாணத்துக்கு வாழ்த்துகள். கணக்கைப் பிரைவேட்டிலேயே வைத்துக்கொண்டு படம் போடுங்கள், தோழிகள் யாராவது உங்களை டேக் பண்ணினால் நீங்கள் சரி என்ற பிறகுதான் உங்கள் பக்கத்தில் தெரியும்படி செட்டிங்கை மாற்றி வையுங்கள், மாப்பிள்ளை வீட்டார் கணக்கு பப்ளிக்காக இருந்தால் அவரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பிள்ளைகளிடம் எதையும் மறைக்க வேண்டாம். பத்திரிகை ஒன்றை வகுப்புக்கென்றே கொண்டுபோய், 'பிளஸ் 2 ஏ பிரிவு மாணவ மாணவியர்' என்று மேலே எழுதி லீடரிடம் கொடுங்கள். விடுமுறை முடிந்து வந்ததும் பிரிண்ட் போட்ட நாலு படத்தையும் ஒரு டப்பா மைசூர்பாகையும் மேசை மேல் வைத்துவிட்டுப் பத்து நிமிடம் பாடத்தை நிறுத்துங்கள். என்னைக் கேட்டால், அந்த 11.40 பையன்தான் முதலில் கையை நீட்டுவான்.

அந்தப் பெண் விஷயம் என்ன ஆயிற்று என்று இரண்டு வரி எழுதுங்கள், அவள் பெயர் வேண்டாம்.